என் கையெழுத்து வேண்டாத வருஷம்

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் ஹெட் ஆபீசில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பாக இருந்தேன். என் அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். ஆடி மாதச் சாரலில், பனிக்கட்டி மாதிரிக் கிடக்கும் சிமெண்ட் தரையில், ஜெனரல் மேனேஜர்கூட சாக்ஸோடு நின்றுதான் என்னிடம் பேசுவார். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்பேன். தேயிலைத் தூள் எல்லார் காலிலும் ஒட்டிக்கொண்டு வரும் ஆபீஸ் அது, ஆகவே காரணம் பொய்யில்லை. ஆனால் அவர்கள் என் வாசலில் குனிந்து ஷூ கழற்றுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

எந்தப் பிரிவுக்கு என்ன சாஃப்ட்வேர் வேண்டுமென்றாலும் ரோஸ் கலர் இண்டென்ட் தாளில் எழுதி என் கையெழுத்து வாங்க வேண்டும். நான் கையெழுத்து போட்டால்தான் லைசென்ஸ் வாங்க முடியும். உடனே போட்டுக் கொடுக்கிற வழக்கம் என்னிடம் கிடையாது. தாளை ட்ரேயில் ஒரு வாரம் ஊறப் போடுவேன். அந்த ஒரு வாரத்தில் கேட்டவர் நாலு தடவையாவது ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "பாத்தீங்களா சார்?" என்பார். "பாக்கறேன்" என்பேன். ஊட்டிப் பக்கம் காந்தலில் என் வீட்டில் நான் சொன்னால் பூனைகூடக் கேட்காது. அதனால் இந்த "பாக்கறேன்" எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. எடுக்க மாட்டோம் என்று சொன்ன பிறகும் விவசாயிகள் பச்சை இலை மூட்டைகளோடு ஃபேக்டரி வாசலிலேயே நின்றார்கள். எங்கள் எஸ்டேட்டில் பாதி இடத்தில் கிளை வெட்டிக் கவாத்துகூடச் செய்யாமல் செடியை வளரவிட்டிருந்தார்கள். ஹெட் ஆபீசில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியாகிக்கொண்டு வந்தது. தன் நாற்காலி எதற்கு வேண்டும் என்பதை அவரவர் காட்டியாக வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் சொன்னார்: "இனிமே சாஃப்ட்வேர் லைசென்ஸ் வேணும்னா அந்தந்த செக்‌ஷனே வாங்கிக்கலாம். சிஸ்டம்ஸ் அப்ரூவல் வேண்டாம். பேப்பர் ட்ரேயில தூங்கறதுக்கு இது நேரமில்லை." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மற்ற எல்லாரும் திரும்பினார்கள். மேஜையில் டீயோடு வைத்திருந்த வர்க்கி பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

அந்த அனுமதியை முதலில் பயன்படுத்திக்கொண்டவள் விற்பனைப் பிரிவில் இருந்த பெண். எங்களிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இங்கே மறுபடியும் கொழுந்து பறித்தவர்கள். கணவன் குன்னூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். மகள் ஆபீசுக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தாள். அவளுடைய நாற்காலியும் ஆட்டத்தில்தான் இருந்தது. இங்கே வேலை இல்லையென்றால் கூடலூருக்கும் அந்தப் பக்கம், நாடுகாணியை ஒட்டி இருந்த எங்கள் ஃபேக்டரிக்கு மாற்றிவிடுவார்கள். தினமும் போய் வருகிற தூரமில்லை அது. போனால் அவள் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம்.

அவளுடைய வேலை ஏல லிஸ்ட் தயாரிப்பது. வாரா வாரம் எந்தத் தூள், எத்தனை பை என்று எழுதி, புதன்கிழமை மதியத்துக்குள் ஏலத் தரகர் ஆபீசில் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் அந்த வாரம் நம் தேயிலை ஏலத்துக்குப் போகாது. இதற்கென்று நானே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். நீலத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். நடுவில் நின்றுவிட்டால் நான் வந்துதான் ஓட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நின்றுவிடும். அதைச் சரிபண்ண எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீட்டிங் முடிந்த நாலாம் நாள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் அறைக்குள் வந்தாள். கையில் ஏதோ ஃபாரம்.

"சார், கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி ஏல லிஸ்ட்டுக்குன்னே சாஃப்ட்வேர் பண்ணியிருக்காங்களாம். லைசென்ஸ் வாங்கலாம்னு இருக்கேனுங்க. இதை ஒரு பார்வை…"

"எங்கிட்ட எதுக்கும்மா வர்றே? அதான் என் கையெழுத்து வேண்டாம்னு சொல்லியாச்சே. நீயே வாங்கிக்கோ."

"இல்லீங்க சார், இதுல ஒரு எடத்துல…"

"எனக்கு வேலை இருக்கு."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் ஃபாரத்தை மடித்துக்கொண்டு போனாள்.

புது சாஃப்ட்வேர் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைவு. ஒரு மணி நேரத்தில் லிஸ்ட் பிரிண்ட் ஆகி, ஓரம் வெட்டினாற்போல் வெளியே வந்தது. எந்தத் தூள் போன மாதம் எப்படிப் போனது என்று கலர் கலராகக் கட்டம் போட்டுக் காட்டியது. எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். ஜெனரல் மேனேஜர் அவள் மேஜைக்கே நடந்து போனார், ஷூவோடு. டீ டேஸ்டர், நாக்கால் தவிர வேறு எதாலும் எதையும் மதிப்பிடாத மனிதர், அவரும் அந்தக் கட்டங்களைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கழிவறைக்குப் போகிற சாக்கில் ஒரு நாளைக்கு ஆறு முறை அந்த மேஜையைக் கடந்தேன். எப்போதாவது அது நின்றுபோகும் என்று பார்த்தேன். நிற்கவே இல்லை.

வருஷம் பூராவும் அப்படித்தான். என் வாசலில் செருப்பு கிடக்கவில்லை. ரோஸ் தாள் வரவில்லை. அவளை ஸ்டோர்ஸ்காரர்கள் கூப்பிட்டு, எங்களுக்கும் இந்த மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். அவளைக் கேட்டார்கள்! பன்னிரண்டாவது முடித்து டைப்ரைட்டிங் படித்தவளை. நான் கோயம்புத்தூரில் மூன்று வருஷம் இதற்காகவே படித்தவன். பஸ்ஸில் காந்தலுக்குத் திரும்பும்போது, லவ்டேல் தாண்டும் வரைக்கும் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வருவேன். ஒவ்வொரு சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன்.

அடுத்த ஜூன் மாதம், கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து ஓர் உறை என் பெயருக்கு வந்தது. கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றால் என் பெயர் எல்லாருக்கும் தெரியும், அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிரித்தேன். அவளுடைய லைசென்ஸ் இன்னும் பதினைந்து நாளில் முடிகிறது, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்து போட்டு அனுப்பினால் அடுத்த வருஷத்துக்கான சாவி எண் தருவோம், இல்லாவிட்டால் பிரிண்ட் வராது என்று எழுதியிருந்தது.

எழுந்து பத்தடி நடந்தால் அவள் மேஜை. உறையை டிராயரில் போட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், ஆமாம், முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். ட்ரேயில் ஊறப் போட்டே பழகிய கை. ஆனால் மூன்றாம் நாள் அதை டிராயரின் அடியில், பழைய கேபிள்களுக்குக் கீழே தள்ளியது பழக்கத்தால் அல்ல. அவளுடைய மெஷின் ஒரே ஒரு நாள் நிற்கட்டும், என்னை ஒரே ஒரு முறை கூப்பிடட்டும் என்ற ஆசையால்தான்.

பத்தாம் நாள் அவளே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"சார், கோயம்புத்தூர்லருந்து உங்களுக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துச்சுங்களா? லைசென்ஸ் முடியறதுக்கு முன்னாடி அனுப்புவோம்னு சொன்னாங்க."

"எனக்கு எதுக்கும்மா வருது? உன் சாஃப்ட்வேர், உனக்குத்தானே வரும்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று கேட்க வந்து நின்றது. "வரலைன்னா இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தமுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். என் பேச்சை அப்படியே நம்பினாள். நான் மானிட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், ரொம்ப நேரம் துடைத்தேன்.

லைசென்ஸ் முடிந்த வாரத்துப் புதன்கிழமை, காலையிலிருந்து மழை. மரம் விழுந்து போன் லைன் செத்துக் கிடந்தது. பத்து மணிக்கு அவள் பிரிண்ட் கொடுத்தாள், வரவில்லை. லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. அவள் என்னிடம் ஓடிவந்தாள், அன்றைக்குச் செருப்பைக் கழற்றவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. வருஷம் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. சாவி எண் இல்லாமல் என்னாலும் ஒன்றும் பண்ண முடியாது. என் பழைய புரோகிராமிலோ ஒரு வருஷமாக யாரும் விவரம் ஏற்றவில்லை. அவள் டைப்ரைட்டரை இழுத்துப் போட்டு, திரையைப் பார்த்துப் பார்த்து அடிக்க ஆரம்பித்தாள். மூன்று ஃபேக்டரியின் லிஸ்ட். அடித்து முடித்து, குடைகூட இல்லாமல் ஓடினாள். தரகர் ஆபீசில் ஒரு மணிக்கே லிஸ்ட்டை மூடிவிட்டார்களாம். திரும்பி வரும்போது தாள்களைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள், தாள் மட்டும் நனையவில்லை.

அந்த வாரத் தேயிலை கோடவுனிலேயே கிடந்தது. அடுத்த ஏலத்துக்குள் விலை இன்னும் இறங்கியது. மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர், இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார்: "இதுக்குத்தான் ஒரு சிஸ்டம்ஸ் ஆள் பார்க்கணுங்கறது. இனிமே உங்க கையெழுத்து இல்லாம ஒரு லைசென்ஸும் வேண்டாம்." அதே மீட்டிங்கில் அவளுக்கு நாடுகாணி ஃபேக்டரிக்கு மாற்றல். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். டிராயரைத் திறந்திருக்கலாம். "சரிங்க சார்" என்றேன்.

கடைசி நாள் அவள் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். சிடி, லைசென்ஸ் தாள்கள் எல்லாம் அதில் இருந்தன.

"பாப்பா எங்கே இருக்கப் போகுது?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"எங்க அம்மாகிட்டதாங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து பாத்துக்குவேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எம் மேலதாங்க சார் தப்பு. லெட்டரையே நம்பிட்டு இருந்திருக்கக் கூடாது, தேதியக் குறிச்சு வெச்சிருக்கணும்."

அவள் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். மேலேயே இருந்தது அந்த ஃபாரத்தின் நகல், ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் நிமிர்ந்து பார்க்காத அதே ஃபாரம். உபயோகிப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர். அதற்குக் கீழே, கடிதங்கள் யாருக்கு அனுப்ப வேண்டும், கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு யார் என்ற இடத்தில் என் பெயரை, என் டிகிரியோடு, அழகாக எழுதியிருந்தாள். பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். கட்டாயமில்லை என்று அச்சடித்திருந்தது. கட்டம் காலியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலில், 'சார்கிட்ட வாங்கணும்' என்று எழுதி, எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருந்தாள்.

டிராயரிலிருந்து அந்த உறையை எடுத்து ஃபாரத்தின் மேல் வைத்தேன். பிறகு பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் கையெழுத்து போட்டேன். கீழே தேதி போட வேண்டும். என்ன தேதி போடுவது என்று தெரியவில்லை.