வர்க்கிச்சன் ரவுட்டரைப் புதுப்பித்த மதியம்

கேரளத்துத் தீக்கோயி மேட்டில் இடி விழுந்து செத்த மனிதர்கள் அதிகமில்லை. செத்த டிவிகளுக்கும் மிக்சிகளுக்கும்தான் கணக்கில்லை. அதனால் துலாம் என்னும் ஐப்பசி மாதம் பிறந்து வாகமண் பக்கம் வானம் லேசாக உறுமினாலே போதும், எல்லா வீடுகளிலும் சோற்றுக் கையோடு ஓடிப் பிளக்குகளைப் பிடுங்குவார்கள். இந்த ஓட்டத்தில் வர்க்கிச்சனை முந்த ஆளில்லை. மற்றபடி அவர் ரப்பர் தோட்டமும் முழங்கால் வலியும் உள்ள நிதானமான மனிதர்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்க்கத் தெரிந்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. வினை அங்கேதான் வந்தது.

அன்று மூன்று மணிக்கு மகள் டின்சிக்கு அயர்லாந்து ஆஸ்பத்திரியோடு நர்ஸ் வேலைக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. தவறவிட்டால் இனி அடுத்த வருடம்தான் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். மதியம் அந்தப் பக்கத்தைத் திறந்த வர்க்கிச்சன், "மென்பொருளின் புதிய பதிப்பு தயார்" என்ற அறிவிப்பைக் கண்டார். கல்யாணத்துக்குப் போகுமுன் காரைக் கழுவுவதில்லையா? அழுத்திவிட்டார். திரையில் நீலக் கோடு பாதி தாண்டியபோது கிழக்கே ஓர் உறுமல்.

அடுத்த நொடி பிளக் அவர் கையில் இருந்தது. மூளை பின்னால்தான் வந்து சேர்ந்தது.

"இச்சாயா, கையில என்னது?" என்றாள் மனைவி ரோசிலி.

"பிளக்கு."

"அது தெரியுது. ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

மீண்டும் செருகினார். சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் கண் சிமிட்டியது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் டின்சி ஓடி வந்தாள்.

"நடுவுல அணைக்காதீங்கன்னு அதுலயே போட்டிருக்கே சாச்சா!" என்று அப்பாவிடம் கத்தினாள்.

"நானா அணைச்சேன்? கை அணைச்சுது மோளே."

"அந்தக் கையைக் கொஞ்சம் பின்னாடி கட்டிக்குங்க."

அவள் அம்மாவின் சேலையிலிருந்து ஊக்கை உருவி, ரவுட்டரின் முதுகிலிருந்த சிறு துளையில் அழுத்தினாள். எவ்வளவு நேரம் அழுத்துவதென்று யாருக்கும் தெரியாததால், ரோசிலி 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும் வரை அழுத்தினார்கள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இன்டர்நெட் விளக்கு மட்டும் எழவில்லை. ரவுட்டர் பிறந்த நாளுக்கே திரும்பிப் போய், இணைப்பின் பெயரையும் பாஸ்வேர்டையும் மறந்திருந்தது. அவை தெரிந்தவன் கேபிள்காரன் சிபி. அவனைக் கூப்பிட வேண்டுமென்றால், தோட்டத்து உச்சியில் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும்தான் போனுக்கு சிக்னல்.

"நான் நனைய முடியாது. சாச்சா, நீங்க மேல போங்க. ஓடுங்க!"

மழை இறங்கியிருந்தது. இடிச் சத்தத்தில் அவர் வாசல் தாண்டி வருடங்கள் ஆகின்றன. ரோசிலி குடையை நீட்டினாள்.

"கம்பி இருக்குடி அதுல! கொல்லப் பாக்கிறியா?"

ரப்பர் மரத்துக்குக் கட்டும் பிளாஸ்டிக்கைத் தலையில் சுற்றிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு மின்னலுக்கும் குந்தினார். இடி முடிந்ததும் எழுந்து ஓடினார். தொட்டியருகே முதல் அழைப்பை சிபி எடுக்கவில்லை. அடுத்ததையும் எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். பின்னால் தேவாலயத் திருவிழாவின் செண்டை மேளச் சத்தம்.

"சேட்டா, பெருநாள்ல கொட்டு நடக்குது! அப்புறம் பேசறேன்!"

"இங்க என் மோளோட வாழ்க்கை நடக்காம நிக்குதுடா! கோலைக் கீழ வை!"

பெயரும் பாஸ்வேர்டும் சிபியிடமிருந்து செய்தியாக வந்ததும் போனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாதி ஓடியும் பாதி சறுக்கியும் வீடு வந்தார். டின்சி போனைப் பிடுங்கித் தட்டினாள். முதல் முறை தவறு என்றது. ஓர் எழுத்தை மாற்றினாள். விளக்கு எரிந்தது. மணி மூன்று அடித்துவிட்டிருந்தது. திரையில் மூன்று வெள்ளை முகங்கள் ஏற்கெனவே காத்திருந்தன. கதவு மூடியது.

வர்க்கிச்சன் சொட்டச் சொட்டக் கதவில் காதை வைத்தார். உள்ளே ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது: சீனியர் ஒருவர் நோயாளிக்கு ஆபத்தாகும் தவறைச் செய்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் புரியும்.

"முதல்ல நோயாளியைக் கவனிப்பேன்," என்றாள் டின்சி. "சீனியரோட சண்டை போட அப்ப நேரம் இருக்காது. அவரை அவசரமா எதையாவது கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பிடுவேன்."

அயர்லாந்தின் சிரிப்பு தடங்கலில்லாமல் தெளிவாகக் கேட்டது.

துண்டோடு வந்த ரோசிலி, "என்ன கேட்டாங்களாம்?" என்றாள்.

"ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம். உனக்குப் புரியாது," என்று வர்க்கிச்சன் தலையைத் துவட்டினார்.