ஏற்ற தலைப்பு இடுக

எட்டாம் வகுப்பில் பங்குனி முழுவதும் திருப்புதல்தான். பாடங்கள் முடிந்துவிட்டன, படித்ததையே மறுபடி படிக்க வேண்டும். செய்யுளையும் கட்டுரையையும் மனப்பாடத்தில் ஓட்டிவிடலாம். ஓட்ட முடியாதது ஒன்றே ஒன்று. முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, 'படித்து விடை எழுதுக' என்பார்கள். அதற்காகத் தமிழ் டீச்சர் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பை ஒதுக்கியிருந்தார்.

ஓட்டுக் கூரை வழியே வெயில் இறங்கும் நேரம் அது. வெளியே தார்ச்சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பியிருப்பார்கள். பஸ் ஏறி மிதித்துப் போனதும் பெண்கள் வந்து கிளறிவிடுவார்கள். அந்தத் தூசி வகுப்புக்குள் வந்து புத்தகத்தின்மேல் படியும். இன்றைக்கும் உளுந்துத் தூசி மூக்கில் ஏறினால் எனக்குக் கேள்வித்தாள் ஞாபகம் வருகிறது.

ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைத்தெருவில் அடிக்கடி கூட்டம் போடுவார்கள். அந்த மேடைத் தமிழ் எங்கள் பையன்களைத் தொற்றிக்கொண்டது. 'மழை ஏன் குறைந்தது?' என்பது கேள்வி. காடுகள் அழிந்ததால் என்று பத்தியிலேயே இருக்கிறது. ஒருவன் எழுந்து, "வானம் வஞ்சித்தது, வயல் வாடியது, வாழ்வு வதங்கியது" என்றான்.

"மைக்கக் கீழ வைடா" என்றார் டீச்சர். "கேட்டது ஒரு வரி."

என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு அந்த நோய் இல்லை. அவளுடையது வேறு. அவள் பத்தியோடு சண்டை போடுவாள்.

அவள் அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்த வருடம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு. சங்கத்தார் வேலைக்கு இறங்கவில்லை. நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார்கள். களத்து மேட்டில் போலீஸ் வேன் நின்றது. பொங்கல் அதற்கு நடுவில் வந்து போயிற்று. வழக்கமாகக் களத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு வரும் புது நெல் வரவில்லை. ரேஷன் அரிசியில் பொங்கியதாகச் சொன்னாள். என் அப்பா தபால்காரர். எங்களுக்கு நிலமும் இல்லை, கூலியும் இல்லை. நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் பயிற்சிக்கு வந்த பத்தி இது: அறுவடை முடிந்தது. உழவர் நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி வீடு வந்து சேர்ந்தார். அவர் உள்ளம் மகிழ்ச்சியில் நிறைந்தது. கேள்வி: உழவர் ஏன் மகிழ்ந்தார்? அவள் எழுதிய விடை: 'உழவர் மகிழவில்லை. வண்டி மேலத்தெருவுக்குப் போயிற்று.'

டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்ததும் மேலத்தெரு நிலக்காரர் மகன் பின் பெஞ்சிலிருந்து, "எங்க வயல்ல வெளஞ்சது எங்க வீட்டுக்கு வராம வேற எங்க போவும்?" என்றான்.

அவள் திரும்பிப் பார்க்காமலே, "அப்ப உழவர் நீதான். போய் நாத்துப் பறி, பாப்போம்" என்றாள். பையன்களே சிரித்துவிட்டார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அரையாண்டுத் தேர்விலும் அவள் இப்படித்தான் எழுதித் தமிழில் தவறியிருந்தாள். முழுப்பரீட்சையிலும் தவறினால் என்ன ஆகும் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். தேறினால் ஆற்றுக்கு அக்கரையில் டவுன் உயர்நிலைப் பள்ளி. இல்லாவிட்டால் தண்ணீர் வந்ததும் அம்மாவோடு குறுவை நடவு. அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

பெல் அடித்த பிறகு டீச்சர் அவளை நிறுத்தினார். நானும் நின்றேன்.

"பத்தியில இருக்கறத எழுது. வயல்ல இருக்கறத வயல்ல வெச்சுட்டு வா."

"பத்தி தப்பா இருந்தா டீச்சர்?"

"தப்பாவே இருக்கட்டும். அது என்ன சொல்லுதுன்னுதானே கேக்கறாங்க. நீ ஒத்துக்கறியான்னா கேக்கறாங்க?"

"அப்ப நான் நெனைக்கறத எங்க எழுதறது?"

டீச்சர் கேள்வித்தாளைத் திருப்பிக் கடைசி வரியைக் காட்டினார். 'இப்பத்திக்கு ஏற்ற தலைப்பு இடுக.'

"இதுக்கு மட்டும் பத்தியில விடை கெடையாது. நீயா வெக்கணும். ஆனா அளவா வை. திருத்தறவருக்கும் கோவம் வரும்."

ஆறு அப்போது வெறும் மணல். சாயங்காலம் நாங்கள் இருவரும் கரை நிழலில் உட்கார்ந்து பழகினோம். கடலை மடித்து வந்த பத்திரிகைக் காகிதம்தான் எங்களுக்குப் பத்தி. நான் தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு செய்தியைப் படிப்பேன். அவள், "இது சொல்றது இது" என்று ஒரு வரி சொல்வாள். பிறகு, "நான் சொல்றது இது" என்று ஒரு தலைப்பு. கையை எடுத்துப் பார்ப்போம். பல நாள் அவள் வைத்ததே நன்றாக இருக்கும். எண்ணெய்க் கறையில் பாதி எழுத்து போன செய்திக்குக்கூட அவளுக்குத் தலைப்பு கிடைத்தது. இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகியதில் சண்டை அடங்கியது. என் பிழைப்பு பின்னாளில் பத்திரிகையில் தலைப்பு போடுவதாக அமைந்தது. அந்த மணலில் உட்கார்ந்து போட்டதுபோல் நிதானமாக ஒரு நாளும் போட்டதில்லை.

அப்போது எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு உண்டு, அது அக்கரைப் பள்ளியில். பாலத்தைச் சுற்றாமல் மணலில் நடந்தே போனோம். கேள்வித்தாளில் வந்த பத்தி பொங்கலைப் பற்றியது. ஒரு குடும்பம் புது அரிசியில் பொங்கி, அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து மகிழ்கிறது. நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில் பேனாவை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். மறுபடி திறந்து இரண்டு சொல் எழுதினாள்.

வாசலில் டீச்சர் நின்றிருந்தார். முதல் கேள்வியே அதுதான்.

"தலைப்பு என்ன வெச்ச?"

"பொங்கல் திருநாள்."

"அவ்வளவுதானா?"

"மார்க்கு வேணும்ல டீச்சர்."

டீச்சர் அவள் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். "வேற ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள். டீச்சர் மேலே கேட்கவில்லை. எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அவள் தேறினாள். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மணல் வழி மூழ்கியதால் டவுன் பள்ளிக்கு பஸ்ஸில் பாலம் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு காலையில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வேற ஒண்ணு இருந்துச்சுன்னியே, என்னடி அது?"

"'யார் வீட்டுப் பொங்கல்?'"

"அதையே வெச்சிருக்கலாம்."

"வெச்சிருந்தா இந்நேரம் அங்க நிக்கணும்" என்று வெளியே கை காட்டினாள்.

சாலையோர வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வரிசையில் குனிந்திருந்த அவள் அம்மா, பஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அவள் புத்தகப் பையை மடியிலிருந்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் பிடித்தாள். கண்டக்டர், "பாப்பா, கைய உள்ள எடு" என்றார். வயல் மறையும்வரை அவள் எடுக்கவில்லை.