டெக்கிங்கில் இரண்டு வாழை மரங்கள்

இந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் நல்ல மண் இருந்தால் முதலில் அதன்மேல் பலகை அடித்து மூடுகிறார்கள். பிறகு கடைக்குப் போய் மூட்டையில் மண் வாங்கி வந்து தொட்டியில் நிரப்பி, அந்தப் பலகையின்மேல் வைத்துச் செடி வளர்க்கிறார்கள். பலகை மேடைக்கு டெக்கிங் என்று பெயர். இங்கிலாந்தில் இந்த லெஸ்டருக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் இதை வேடிக்கை பார்த்தேன். இருபதாம் ஆண்டில் நாங்களும் அடித்தோம். என் மனைவி கவிதா மேடையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல சோளம் காயப்போடலாமுங்க. மழைதான் உடாது" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கொலின், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வேலிக்கு மேலே தலையை நீட்டி, டெக்கிங் மொட்டையாக இருக்கிறது என்றார். ஒரு ஸ்டேட்மென்ட் பிளான்ட் வேண்டுமாம். பெரிய செடியாக, பார்த்தவுடன் ஏதாவது சொல்வதாக இருக்க வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று" என்றார். அன்று மாலை அதை டைரியில் எழுதி வைத்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தபோது தொற்றிய பழக்கம் இது. சரக்கு தாமதமானால் அதை வாங்கும் வெளிநாட்டு பையர் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்பான். எழுதி வைத்தவன் பிழைப்பான்.

ஆடி மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை 9.40க்குச் செடிக்கடையில் இருந்தோம். கொலினின் மகன் டேனியல் தன் வேனில் அழைத்துப் போனான். கடைப்பெண் எங்களை நேராக ஒரு பளபளக்கும் பீங்கான் தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். உள்ளே ஆனைக்கற்றாழை. வெள்ளகோவில் பக்கம் எங்கள் காட்டு வேலியில் அதை வெட்டி எறிந்தே என் அப்பாவின் கைகளில் முள் தழும்பு ஏறியிருந்தது. "எங்கள் ஊரில் ஆடு உள்ளே வராமலிருக்க இதை வைப்போம்" என்றேன். அவள் முகம் மலர்ந்து, "ஆடுகளுக்கும் பிடிக்குமா? அழகு" என்றாள். கவிதா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இதைப் போயி நடு ஊட்டுல வெச்சா எங்கம்மா சிரிச்சே செத்துருவாங்க" என்றாள்.

அதற்கு அடுத்த வரிசையில் வாழை நின்றது. குளிர் தாங்கும் ஜப்பான் ரகம், என்னைவிட உயரம். கவிதா இலையைத் தடவியபடி நின்றாள்; அதிலேயே ஆர்டர் முடிவாகிவிட்டது. அளவு நாடா எப்போதும் என் பையில் இருக்கும். இருந்த பதினோரு கன்றுகளையும் அளந்து, உயரத்திலும் தண்டின் பருமனிலும் இலைகளின் எண்ணிக்கையிலும் ஒத்துப்போகிற இரண்டைப் பிரித்தெடுத்தேன். ஒன்று போதுமே என்றான் டேனியல். சட்டைக்கு ஒரு கைதான் வைப்பார்களா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை, ஆனால் தலையாட்டினான்.

மேடையில் ஏறும் படியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தோம். மணி 12.20. ஆங்கிலேயத் தோழியின் கல்யாணத்துக்குக் கிளம்பிய எங்கள் மகள் இனியா, இருபத்திமூன்று வயது, பட்டுச்சேலையில் வெளியே வந்து படியில் நின்றாள். டேனியல் மதியம் கிரிக்கெட் ஆடப் போக வேண்டியவன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் சாய்ந்த மரத்தைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் நின்றான். கவிதா ஒரு படம் எடுத்து, எழுத ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தையும் எழுதாமல் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள்.

திருப்பூரில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு வாழை மரம் நின்றால் பஸ்ஸில் போகிறவன்கூட அங்கே விசேஷம் என்று தெரிந்துகொள்வான். நடுவில் பட்டுடுத்திய பெண், பக்கத்தில் வெள்ளை உடுத்திய பையன் என்றால் கேட்கவே வேண்டாம். இது எனக்கும் கவிதாவுக்கும் ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். அந்த மரங்களை நாங்கள் அன்றைக்குக் கொலின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது.

12.31க்கு வெள்ளகோவில் சித்தி, "நல்லா இருங்க கண்ணு" என்றார். 12.34க்குச் சோமனூர் பெரியப்பா மகன், "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்றான். 12.40க்கு இன்னொருவர், "ஆடியில வெச்சிருக்காங்களே, அங்கெல்லாம் ஆடி பாக்கறதில்லீங்களா?" 12.52க்குக் கவிதாவின் அண்ணன் சண்முகம் குரூப்பிலிருந்து வெளியேறினார்.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. இனியாவுக்குக் காது குத்தியது லெஸ்டரில் ஒரு ஷாப்பிங் மாலில். கடைக்காரப் பெண் துப்பாக்கி போன்ற ஒன்றை வைத்து இரண்டு சொடுக்கில் முடித்துவிட்டாள். மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துக் குத்த வேண்டிய காது அது. மச்சான் அப்போது சண்டை போடவில்லை. "இது போச்சு, உடுங்க. அடுத்த விசேஷத்துக்கு முதல் சேதி எனக்குத்தான் வரோணும்" என்று மட்டும் சொன்னார். நான் ஒப்புக்கொண்டதும் டைரியில் இருக்கிறது. கவிதாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

கவிதா ஏழு முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. எட்டாவது முறை அவர் மனைவி ராதா எடுத்தாள். "என்னையும் கூட்டிட்டு உடுமலைத் தோப்புல வந்து உக்காந்துட்டாருங்க. ஆடியிலயே முடிக்கற அளவுக்கு என்ன அவசரமோ, நம்மகிட்ட மறைக்கற அளவுக்கு என்ன ஆச்சோன்னு தென்னை மரத்துகிட்டப் பேசிட்டு இருக்காரு." கவிதா பட்டென்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கண்ணன் பேசற வரைக்கும் நான் அந்த மேடையில காலு வெக்க மாட்டனுங்க."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். திருப்பூரில் சரக்கில் குறை வந்தால் பையருக்கு ஒரு ரிப்போர்ட் போக வேண்டும்: என்ன நடந்தது, எதனால் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வோம். டைரியைப் பார்த்து மணிவாரியாக இரண்டு பக்கம் எழுதி, மரத்தில் தொங்கிய செடிக்கடை விலை அட்டையின் படத்தையும் இணைத்து மச்சானுக்கு அனுப்பினேன். அவரும் திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்களைச் சொந்தமாகப் போட்டு ஓட்டுகிறவர். இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதியும் வாங்கியும் பழகியவர்.

ஞாயிறு காலை வீடியோவில் வந்தார்.

"ரிப்போர்ட் பாத்தனுங்க மாப்ள. காயிதத்துல யாரு வேணா எழுதலாம். சரக்கைக் காட்டுங்க."

போனை மரத்தின் பக்கம் திருப்பினேன்.

"மேல போங்க. இன்னும் மேல. குலை எங்கீங்க?"

"இல்லீங்க மச்சான்."

"பூவு?"

"அதும் இல்லீங்க."

"அடியில காட்டுங்க. வேரோடயா நிக்குது?"

"தொட்டியில நட்டிருக்குதுங்க."

அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "குலை தள்ளாத மரத்தை எவனுங்க விசேஷத்துக்குக் கட்டுவான்? நானும் தோப்பு வெச்சிருக்கறவன், போட்டோவைப் பெருசு பண்ணிப் பாக்காம உட்டுட்டனுங்க. எப்பக் காய்க்கும்?"

"தின்னற மாதிரி காய்க்காதுங்க."

"இலை?"

"காத்துல கிழிஞ்சு போயிருதுங்க."

"அப்பறம் எதுக்குங்க?"

"பாக்கறதுக்குங்க."

"பாத்து?"

நான் இருமினேன்.

"அந்த வெள்ளைச் சட்டைத் தம்பி?"

"பக்கத்து ஊட்டுப் பையனுங்க. கிரிக்கெட் ஆடப் போனான்."

"எத்தனை அடிச்சான்?"

"மூணுல அவுட்டுங்க."

"அப்ப நம்ம புள்ளைக்கு ஆகமாட்டான்" என்று சிரித்தார். பின்னாலிருந்து கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். "அழுவாத சாமி" என்றவர் ஒரு நிபந்தனை வைத்தார். "ரெண்டு மரம் வேண்டாமுங்க மாப்ள. ஒண்ணை எடுத்துருங்க. நெசமா விசேஷம் வர்ற அன்னிக்கு ரெண்டாவது மரம் நான் கொண்டாறனுங்க, குலையோட."

"ஏரோப்ளேன்ல உடமாட்டாங்க மச்சான்."

"எத்தனை கிலோ வரைக்கும் உடுவாங்க?"

அன்று மதியமே ஒரு தொட்டியைக் கொலினுக்குக் கொடுத்தேன். இரண்டு மரம் வைத்தால் கெட்ட சகுனமா என்று கேட்டார். இல்லை, விசேஷம் இல்லாத வீட்டுக்கு மிஞ்சிய நல்ல சகுனம் என்றேன். அவர் மரியாதையாகத் தொட்டியை வாங்கிக்கொண்டு, வெயில் படும் இடம் என்று வேலியோரத்தில் வைத்தார். எங்கள் பக்கத்திலும் வெயில் படும் இடம் அந்த வேலியோரம்தான். காற்றில் தொட்டி சாய்கிறது என்று நானும் மிஞ்சிய மரத்தை அங்கேயே நகர்த்தினேன்.

இப்போது மாடி ஜன்னலில் நின்று பார்த்தால் ஒரே உயரத்தில், ஒரே பருமனில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு வாழை மரங்கள் ஜோடியாக நிற்கின்றன. விசேஷ வீட்டு வாசல்தான். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வேலி. உள்ளே கூட்டிப்போகிற பாதை ஒன்றும் இல்லை. யார் வீட்டு விசேஷம், அழைப்பவர் யார், வருகிறவர் யார் என்று ஜன்னலில் நிற்கிற எனக்கும் தெரியவில்லை.