ஓட்டுக் கேட்கும் சுபேதார்

விருத்தாசலத்தில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் நிற்கிறேன். எதிரே பீங்கான் பட்டறை வாசலில் பெண்கள் பொம்மைகளைக் காய வைக்கிறார்கள். வார்டு தேர்தலில் நிற்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அவர்கள் முன் விறைப்பாக நின்று பேசுகிறார்.

"துருக்கியில ஒரு ஜெனரல் நாட்டுக்கே தலைவரானாரு. எனக்கு ஒரு வார்டு முடியாதா?"

"அவரு வூடு வூடா வந்து ஓட்டு கேட்டாருங்களா?" என்கிறாள் ஒருத்தி.

சுபேதாருக்குப் பொய் வரவில்லை. "இல்லம்மா. மொதல்ல டாங்கியோட வந்து ஆட்சியப் புடிச்சாரு. ஓட்டெல்லாம் பின்னாடிதான்."

"உங்ககிட்ட டாங்கி இல்லீங்களே. கையக் கூப்புங்க."

எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் டீ கிளாஸில் முகத்தை மறைத்துக்கொள்கிறேன். அவருடைய வலது கை பழக்கத்தில் நெற்றிவரை சல்யூட்டுக்குப் போகிறது. பிறகு மெல்ல இறங்கி இடது கையோடு சேர்கிறது.

"இப்ப கேளுங்க" என்கிறாள் அவள்.