மேல்வரிசைத் தக்காளி

பரிசோதனை என்று ஒன்று வந்தால் அதில் பாஸாக வேண்டும். முப்பது வயது வரை இதை நான் முழு மனதோடு நம்பினேன். எதைச் சோதிக்கிறார்கள், பாஸானால் யாருக்கு லாபம் என்றெல்லாம் யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என்னை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பூர்வீகம் ராயக்கோட்டைப் பக்கம். மண்டிக்குப் போகும் கூடையில் மேல்வரிசைத் தக்காளி எப்போதும் சிவந்து, ஒரு வடுவில்லாமல் இருக்கும். அடியில் கிடப்பது வாங்குகிறவர் தலையெழுத்து. பிறகு ஓசூருக்கு வந்து பேக்டரியில் சேர்ந்தபோது, வெளியூர் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் டிரேயின் மேல்தட்டில் நல்ல பீஸ்களை அடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பிறவிக் கலைஞன் என்று சூப்பர்வைசரே மெச்சினார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் காலனி; எல்லோருக்கும் ஒரே கிணறு. சுவருக்கு அந்தப் பக்கம் முலாம் பூசும் கம்பெனி ஒன்று வந்தது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர், நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்தது போல் ஆனது. டீக்கடை பாய்தான் முதலில் கண்டுபிடித்தார்: அந்தத் தண்ணீர் பட்டால் பால் திரிந்தது. மனு மேல் மனு போட்டோம். தற்காலிகமாக ஒரு டேங்கர் லாரி வர ஆரம்பித்தது. தண்ணீரைச் சோதித்து முடிவு சொல்ல நிபுணர் ஒருவர் வருவார் என்றார்கள்.

வந்தார். ஜீப் எங்கள் சந்துக்குள் நுழையவில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கண்ணாடி பாட்டிலை நீட்டி, கிணற்றில் பிடித்து வரச் சொன்னார். முன்னால் நின்ற அசடு நான். வாளியை இறக்கி ஏற்றினால், மேலே எண்ணெய் போல் ஒரு படலம். அவ்வளவு படித்த மனிதர் கையில் இதையா கொடுப்பது? வெட்கமாகிவிட்டது. கால்கள் தானாகப் பள்ளிக்கூடத்துக் கைப்பம்புக்கு நடந்தன. பாட்டிலை மூன்று முறை அலசி, பளிங்கு போல் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதத்தில் பாஸானோம். கிணற்று நீர் குடிக்க உகந்தது என்று ரிப்போர்ட் வந்தது. உகந்த நீர் இருக்கும்போது லாரி எதற்கு? டேங்கரை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் எட்டு மாதக் குழந்தை. பள்ளிக்கூடத்துப் பம்பு பள்ளி நடக்கும்போதுதான் திறந்திருக்கும். அதுவும் காலனி முழுவதற்கும் ஊறாது. பால்பவுடரை எந்தத் தண்ணீரில் கரைப்பது என்று என் மனைவி கேட்டாள். எனக்கு உடனே காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டருக்கு மட்டும் அது தெரியவில்லை. நாட்றாம்பாளையத்தில் மச்சான் காட்டோரம் ராகி போட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஓடிவிடலாமா என்று யோசித்தேன். யானை வரும், மிதிக்கும். ஆனால் தண்ணீர் எங்கே பிடித்தாய் என்று கேட்காது. மூன்றாம் நாள் மனைவி கேட்டுவிட்டாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லிவிட்டு வந்தால்தான் சோறு என்றாள்.

கூட்டம் என்றால், நிபுணரே வந்து ரிப்போர்ட்டை மக்களுக்கு விளக்கும் கூட்டம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் போட்டார்கள். பால் திரிகிறதே என்று பாய் கேட்டார். அது ஒரு டெஸ்ட் இல்லை என்றார் நிபுணர். அது உண்மைதான்; பால் நூறு காரணத்துக்குத் திரியும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“உணர்ச்சிவசப்படாதீங்க. இது சயின்ஸ். இதுல ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது.”

மனைவி என் விலாவில் முழங்கையால் இடித்தாள். எழுந்தேன். பயம் வந்தால் எனக்கு மொழி கலங்கும்; தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் கும்பிடு போட்டு, ஒருவழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தேன்.

“சார், கெமிஸ்ட்ரி உங்களுது, அதுல நான் வாய வெக்கல. ஆனா பாட்டில்ல தண்ணி புடிச்சவன் நானு. கெணத்துல புடிக்கல. தோ, இந்த பம்புல புடிச்சன்.”

பின்வரிசையில் ஒரு அக்கா, என்னைக் காட்டி, பேக்டரியில் இவனெல்லாம் ஒரு இன்ஸ்பெக்சன் ஆளாம் என்று சத்தமாகவே சொன்னாள். நிபுணர் முகம் சிவந்தது. அவர் முன்னிலையில் எடுத்த சாம்பிள் என்றுதான் ரிப்போர்ட்டில் இருந்தது. நான் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்றார்.

“நீங்க ஜீப்ப உட்டு எறங்கலயே சார். அதான் ஆதாரம்.”

அரசாங்கத்தை ஏமாற்றியதற்குக் கேஸ் போடலாம், தெரியுமா என்றார். தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே நாட்றாம்பாளையம் பஸ்ஸில் இருந்திருப்பேன். ஆனால் மடியில் குழந்தையோடு மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் ஓடினாலும் அவளைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

“போடுங்க சார். கோர்ட்லயும் இதத்தான் சொல்வன். ஆனா இந்தத் தடவ நீங்க எறங்கி வாங்க. வாளிய நான் எறக்கறன், பாட்டில நீங்க புடிங்க.”

“ஓட்டெல்லாம் போட மாட்டோம் சார்,” என்றார் பாய். “சும்மா நின்னு வேடிக்க பாக்கறம்.”

ரிப்போர்ட் முடிந்துபோன விஷயம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் ஃபைலைக் கட்டினார். யாரும் கத்தவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. வராந்தாவின் படியெல்லாம் ஆட்கள். ஜீப்புக்குப் போகும் வழி முழுக்கக் குடங்கள். அந்த மனிதருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு கூட எங்களுக்குத் தெரியாது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்தான் சொல்ல முடியும். ஆனால் பாட்டில் எந்த வழியாக வந்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதை அவர் ஏற்காமல் அனுப்புவதில்லை என்று உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அவர் கிணற்றடிக்கு நடந்து வந்தார். நான் வாளியை இறக்கினேன். படலத்தை அவர் பார்த்தார். தானே பாட்டிலில் பிடித்து மூடினார். மூடிமேல் ஒட்டிய காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், பாய் போட்டார், என் மனைவியும் போட்டாள். என்னைப் பாட்டில் பக்கம் விடவில்லை.

இரண்டாவது ரிப்போர்ட்டில் குடிக்க உகந்ததல்ல என்று இருந்தது. டேங்கர் திரும்ப வந்தது. என் மேல் கேஸ் எதுவும் போடவில்லை. கம்பெனியை மூடவில்லை, கிணற்றை மூடினார்கள்.