ஒன்னை அமுக்கும்மா

நம்பாதவர்கள் மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்கு பஸ் ஏறிப் போய் ராசம்மாளையே கேட்டுக்கொள்ளலாம். 2003 ஆகஸ்ட் 12. பட்டப்பகல். நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் தரணிதரன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். கம்ப்யூட்டர் இரண்டு, மவுஸ் ஒன்று. பலகையில் மட்டும் ‘மென்பொருள் விஞ்ஞானி’.

ராசம்மாளிடம் ஒரு சிடி இருந்தது. 1997இல் ஒரு கம்பெனி மலைப் பள்ளிக்கூடத்தைப் படம் பிடித்துக் கொடுத்தது. பொத்தானை அமுக்கினால் பதில் சொல்லும் புதுமாதிரி சிடி. அதற்கென்றே தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவி மறுவருஷமே கடைகளிலிருந்து காணாமல் போனது. அதே வருஷம் ராசம்மாளின் மகள் சண்முகப்பிரியாவும் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவளுக்கு வேறு போட்டோ கிடையாது.

இப்போது அந்த சிடி எப்படி இயங்குகிறது என்ற முழு விவரத்தையும் தயாரித்தவர்களே இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். யாரும் படிக்கலாம். மொத்தம் ஒன்பது அத்தியாயம். தரணிதரன் அதைப் படித்து ஒரு புரோகிராம் எழுதினான். ஏழாவதை மட்டும் விட்டுவிட்டான். அது பொத்தான்களைப் பற்றியது.

“மலைக்காரங்களுக்குப் பொத்தான் எதுக்கு? பாத்தாப் போதும்” என்றான், கம்ப்யூட்டரை மலைக்கு ஏற்றிவந்த வேன்காரர் சின்னுசாமியிடம்.

ராசம்மாள் வீட்டில் கம்ப்யூட்டரை இறக்கி மாட்டினார்கள்.

“எம்புள்ள மொகத்தை ஒருக்கா பாத்துக்கறனுங்க சார்.”

“கவலைய விடும்மா. இதைப் படிச்சுப் புரிஞ்சவன் தமிழ்நாட்டுலயே நான் ஒருத்தன்.”

11.40. வெளியே மூடுபனி. டிர்ர்ர்... சிடி சுழன்றது.

அருவி. மிளகுக்கொடி. பிறகு பள்ளிக்கூட வாசலில் வரிசையாகப் பத்துப் பிள்ளைகள். அசையாத படம். பிரியா கடைசியில் நின்றாள். ராசம்மாள் திரையைத் தடவிக்கொடுத்தாள்.

11.46. படங்கள் சுற்றி மறுபடி வந்தன. பிரியா நடுவில் நின்றாள்.

“டெக்னிக்கல் கோளாறு” என்றான் தரணிதரன். யாரும் கேட்கவில்லை.

11.52. பிரியா முதலில் நின்றாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கர்ர்ர்...

“அம்மா...”

“கண்ணு!”

“இருட்டா இருக்குதும்மா. ஒன்னை அமுக்கும்மா. கதவு தொறக்கும்.”

ராசம்மாள் ஒன்றாம் நம்பர் பொத்தானை அமுக்கினாள்.

டக்.

ஒன்றுமில்லை.

டக். டக். டக்.

“அமுக்கும்மா...”

“அமுக்கறேஞ் சாமி! ஏனுங்க சார், தொறக்கலீங்களே!”

விஞ்ஞானி மவுஸை ஆட்டிப் பார்த்தார்.

“வர்றாங்கம்மா... சீக்கிரம்...”

டக். டக்.

11.58. சிடி நின்றது.

தரணிதரன் மூன்று நாள் தூங்காமல் ஏழாம் அத்தியாயத்துக்கும் புரோகிராம் எழுதி முடித்தான். மறுபடி மலையேறினான். ராசம்மாள் ஒன்றை அமுக்கினாள். இந்த முறை பொத்தான் ஒழுங்காக வேலை செய்தது.

வரிசையில் ஒன்பது பிள்ளைகள். நடுவில் இடைவெளிகூட இல்லை.

ராசம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல், சிடிக்குள் என்னென்ன பதிந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தான். விவரத்தில் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

படங்கள்: 22.

குரல்: 0.

அவளிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.