பெல்லிங் துரையின் காகிதக் குப்பை

மலாய் நாட்டில் புக்கிட் காத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பங்களாவைக் கூட்டிப் பெருக்குவது இருசம்மாளின் வேலை. புருஷன் காய்ச்சலில் போன பிறகு அந்த வேலையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீடும்தான் அவளுக்கு மிச்சம். பங்களாவில் இருந்த பெல்லிங் துரை, ரப்பர் பாலைத் தகடாக இழுக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். சீமையில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்களாம். இங்கே அவர் கைலியைக் கட்டிக்கொண்டு, தரை முழுக்க இயந்திரப் படங்களைப் பரப்பி, நடுவிலேயே தூங்கிவிடுவார். இவ்வளவு படித்த மனுஷனுக்குக் கட்டில் எதற்கென்று தெரியவில்லையே என்று இருசம்மாளுக்கு ஒரே ஆச்சரியம்.

முப்பத்து நாலாம் வருஷம் ஆடியில் துரை இறந்தார். புதுத் துரை வருவதற்குள் பங்களாவைக் காலி செய்தாக வேண்டும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நல்லமுத்து, புத்தகமும் படங்களும் அடைந்திருந்த அலமாரியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாம் கரையான் புடிச்ச காயிதம். பொகைக் கொட்டாய் அடுப்புல போட்டு எரிச்சிரு, இருசம்மா."

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அந்த அடுப்பில் இரண்டு கூடை போட்டாள். மூன்றாவது கூடையிலிருந்து தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்று நழுவிக் காலில் விழுந்தது. பதறிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அதை அடுப்பில் போட எப்படி மனசு வரும்? எந்த பாஷையானால் என்ன, சரஸ்வதி சரஸ்வதிதானே! மிச்சத்தையெல்லாம் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரஸ்வதி பூஜையன்று அவற்றை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டாள். புருஷனின் பால்வெட்டுக் கத்தியும் பக்கத்தில் இருந்தது.

அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்! சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் காரில் வந்து இறங்கினார். பெல்லிங் துரையின் அரிய புத்தகங்களையும் படங்களையும் காணவில்லையாம். நூலகத்தில் வைக்கத் தேடுகிறார்களாம். விசாரித்துக்கொண்டே, கிராணியோடு லயத்துக்கே வந்துவிட்டார். படங்களின் மேல் குங்குமத்தைப் பார்த்ததும் அவர் முகம் அதைவிடச் சிவந்தது.

"ஐயா, நான் திருடல. நீங்க எரிக்கச் சொன்னதுல மிச்சம்தான் இது. பூசையில வச்சதை இன்னிக்கி எடுக்கக் கூடாதுல்ல? காலையில மறுபூசை போட்டுத் தந்துர்றேன்னு தொரைகிட்ட சொல்லுங்க."

நல்லமுத்து இங்கிலீசில் இரண்டே வார்த்தை சொன்னார். இவ்வளவு பேச்சு எப்படி இரண்டு வார்த்தையாகச் சுருங்கும்? கிராணியின் கணக்குப் பேரேடும் அன்று அவர் வீட்டுப் பூஜையில்தான் இருந்தது. அவருக்குத் தெரியாத சம்பிரதாயமா? வெள்ளைக்காரரோ கத்த ஆரம்பித்தார்.

"திருட்டுக் கேசுன்னு போலீசுக்குப் போவாராம். பேசாம ஒத்துக்க, நான் பாத்துக்கறேன்" என்றார் கிராணி.

இருசம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூக்கிப் போடச் சொன்னவர் யோக்கியர், எடுத்து வைத்தவள் திருடியா? ஒத்துக்கொண்டால் வேலையும் போகும், வீடும் போகும். பயத்தில் அழுதேவிட்டாள். அந்த நேரம் வெள்ளைக்காரர் டிரைவரிடம் மலாயில் தண்ணீர் கேட்டார். அட, இவருக்கு மலாய் தெரியுமா! பங்களாச் சமையல்காரரிடம் பேசிப் பழகிய, சந்தைக் கொச்சையான பாசார் மலாய் அவளுக்கும் கொஞ்சம் வரும்.

"துவான், சாயா புக்கான் பெஞ்சுரி! கிராணி சூரோ பாக்கார்!"

நான் திருடியில்லை, கிராணிதான் எரிக்கச் சொன்னார் என்று போட்டு உடைத்துவிட்டு, புகைக் கொட்டகையைக் கையால் காட்டினாள்.

வெள்ளைக்காரர் ஓடிப்போய் அடுப்பைக் கிளறினார். சாம்பலைத் தவிர என்ன இருக்கும்? அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் வந்து, மறுபூஜை முடியும்வரை வாசலில் காத்திருந்து, மிஞ்சியதை வாங்கிக்கொண்டு போனார். இருசம்மாளின் வேலை தப்பியது. கிராணியின் வேலையும் தப்பியது. அது எப்படி என்றுதான் அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மாசியில் ரப்பர் இலை கொட்டியது. பங்களா வாசலில் குவித்த சருகைக் காட்டி, "கொளுத்திரு" என்றார் நல்லமுத்து. இருசம்மாள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கேலியில்லை, அவளுக்கு நிஜமாகவே சந்தேகம்.

"ஐயா, இதைத் தேடிக்கிட்டு எந்தத் தொரையும் வர மாட்டாருல்ல?"